எளிய இன்பங்கள் சங்கத்தின் முதல் குளிர்காலப் பயணம்

மனித இனம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் நெருப்பு, சக்கரம், ரப்பர் முத்திரை ஆகிய மூன்றுக்கும் அடுத்த இடம் 'எளிய வாழ்க்கை'க்கே உரியது. நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. எளிய வாழ்க்கையைக் கண்டுபிடித்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அக்காவின் கணவர். கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம், அவர் வீட்டு முன்னறையில் கிடக்கும் சாய்வு நாற்காலி. நேரம், அவர் பணி ஓய்வு பெற்ற இரண்டாம் நாள் காலை பத்து நாற்பது.

நேரத்தை இவ்வளவு துல்லியமாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அத்தான் முப்பத்து நான்கு வருஷம் எடை அளவைத் துறையில் இருந்தவர். கடைசி ஆறு வருஷம் துணை இயக்குநர். நான் அதே அலுவலகத்தில் அவருக்குக் கீழே தலைமை எழுத்தர். இருவரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். அவர் வாயைத் திறந்தால் நேரம் போட்டுக் குறித்துக்கொள்வது என் கைக்குப் பழகிப்போன காரியம். மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதற்காகக் கை மறந்துவிடுமா என்ன?

"மச்சான், எழுதிக்கோ" என்றார் அத்தான். கண்கள் மூடியிருந்தன. "இத்தன நாள் நாம வாழ்ந்தது வாழ்க்கையே இல்ல. இனிமே எளிமை. மூணே மூணு விஷயம். வீட்டுச் சமையல், கைவேலை, குளிர்காலத்துல ஒரு பயணம். மனுஷனுக்கு வேற என்ன வேணும்?"

"வேற எதுவும் வேணாம் அத்தான்."

"குறுக்க பேசாத. எழுது."

எழுதினேன். டீ கொண்டுவந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "குளிர்காலத்துல பயணமா? நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் குறிப்பேட்டில் ஏற்ற இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

அக்காவின் ஆசைக்குக் காரணம் இருந்தது. குளிர் தொடங்கிவிட்டால் அவளுடைய இரண்டு கைகளும் அவள் சொல்பேச்சுக் கேட்பதில்லை. விரல் கணுக்கள் வீங்கிக்கொள்ளும். காலையில் ரவிக்கைக் கொக்கியைப் போட அரை மணி நேரம் ஆகும். "வருஷா வருஷம் குளிர்ல ஒரு பதினஞ்சு நாளாவது வெயில் அடிக்கிற ஊர்ல போய் இருங்கம்மா, கைக்கு வேலையே குடுக்காதீங்க" என்று டாக்டர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் அடிக்கிற ஊரும் தயாராக இருந்தது. அக்காவோடு தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோழி ஒருத்தி, கடற்கரை ஊரில் மாடி அறையை ஒழித்து வைத்துக்கொண்டு "வாடி, வாடி" என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். "நான் ரிட்டயர் ஆனதும் போலாம்" என்று அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அதை நம்பிக் காத்திருந்தாள்.

அக்காவும் ஓய்வு பெற்றவள்தான். அத்தானுக்கு மூன்று வருஷம் முந்தியே பெற்றுவிட்டாள். அன்று சாயங்காலமும் வழக்கம்போல் டீ வந்துவிட்டதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே 'எளிய இன்பங்கள் சங்கம்' உதயமாயிற்று. உறுப்பினர்கள் நால்வர். தலைவர், அத்தான். துணைத் தலைவர், எதிர்வீட்டு மேனேஜர், வங்கியில் இருந்தவர். அவர் மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனார். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் திரும்பவில்லை. மேனேஜர் அதை 'நீண்ட விடுப்பு' என்பார். ஆலோசகர், மாடிவீட்டு புரொபசர். பூகோளம் போதித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். உலகத்தில் எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். கடைத்தெருவுக்குப் போக மட்டும் துணை வேண்டும். செயலாளர் நான். நானும் தனிக்கட்டை. பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன், அக்கா கையால் சாப்பிடுகிறேன். சங்கக் கூட்டங்களுக்கு எங்கள் நால்வர் வீட்டிலும் பொருத்தமான இடம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது.

சுற்றறிக்கை எண் ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. "இவ்வில்லத்தில் இனி கடை ரொட்டி, கடை ஜாம், கடை பிஸ்கட் ஆகியன நுழைய அனுமதி இல்லை. அனைத்தும் இல்லத்திலேயே, கையாலேயே, அன்போடு தயாரிக்கப்படும். ஆட்சேபம் இருப்பின் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறினால் சம்மதம் எனக் கருதப்படும்."

'அன்போடு' என்பது மேனேஜர் செய்த திருத்தம். வங்கியில் இருந்த காலம் முழுக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம்கூட வாய்க்கவில்லையாம்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "தயாரிக்கப்படும்னா, யாரால?"

"அது செயப்பாட்டு வினை. அதுல ஆள் வராது" என்றார் அத்தான்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு."

"எழுதிக் குடு."

"கை வலிக்குதுன்னு சொல்றேன், எழுதிக் குடுங்கறீங்களே!"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், வாய்மொழியா வந்தத என்ன பண்றது?"

"விதிப்படி பதிவு பண்ண முடியாது அத்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருந்தது. எழுதியவன் நான்தானே, எனக்குத் தெரியாதா?

வீட்டில் மாவு பிசைய ஒரு மெஷின் இருந்தது. அக்காவுக்கு அவள் அலுவலகத்தார் வழியனுப்பு விழாவில் கொடுத்தது. அது 'ஆன்மா இல்லாத கருவி' என்று ஏகமனதாக அறிவிக்கப்பட்டுப் பரணில் ஏற்றப்பட்டது. ஏற்றியவள் அக்கா. எங்கள் நால்வருக்கும் இடுப்பு சரியில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சமையலறையில் எளிமை தலைவிரித்தாடியது. காலை ஐந்து மணிக்கு மாவு பிசைதல். ஏழு மணிக்கு ரொட்டி சுடுதல். பத்து மணிக்குப் பழம் நறுக்கிச் சர்க்கரைப் பாகில் கிளறுதல். நான்கு மணிக்கு பிஸ்கட். அத்தான் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாவு பிசைவது எவ்வளவு பெரிய தியானம் என்று ஒரு புத்தகத்திலிருந்து படித்துச் சொல்லுவார்.

"தியானம்னா நீங்க வந்து பிசையுங்களேன்" என்றாள் அக்கா ஒருநாள்.

"எல்லாரும் தியானத்துல உக்காந்துட்டா அதப் பத்தி யோசிக்கிறது யாரு?"

புரொபசர் நான்காவது துண்டு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, "மேடம், கோதுமைங்கிறது மனித நாகரிகத்தையே மாத்தின பயிர்" என்றார்.

"என் கையையும் மாத்திடுச்சு சார். பாருங்க" என்று அக்கா விரல்களை நீட்டினாள். புரொபசர் பார்த்தார். பார்த்துவிட்டு, உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கிறது என்று பணிவாகத் தெரிவித்தார்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பழமொழி இருக்கிறது. பரிமாறுகிறவள் சொந்தப் பெண்டாட்டி என்றால் நெய் வழியுமாம். எங்கள் சங்கத்தில் நெய்யும் அக்கா வீட்டு நெய், கையும் அக்காவின் கை. நாங்கள் தட்டை மட்டும் கழுவாமல் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த இன்பம், கைவேலை. இதில் அத்தானின் தியாகத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தன் கையால் ஒரு ஸ்டூல் செய்யப் போவதாக அறிவித்து, இழைப்புளி, உளி, வாள், ரசமட்டம் என்று பத்தொன்பது கருவிகள் வாங்கினார். ஸ்டூலுக்கு மூன்று மாதம் பிடித்தது. பலகையைப் பிடித்துக்கொண்டவள் அக்கா. சீவல் பெருக்கியவள் அக்கா. பசையில் ஒட்டிக்கொண்ட அத்தானின் கட்டைவிரலை வெந்நீரில் ஊறவைத்து விடுவித்தவளும் அவள்தான். கடைசியில் அது எழுந்து நின்றது. நான்கு கால்களும் நான்கு திசையைப் பார்த்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூட ஒரு கை ஊன்றியாவது உட்காரும். இது அதற்கும் சம்மதிக்கவில்லை.

"ஆடுதுங்க" என்றாள் அக்கா.

"தரை சரியில்ல" என்றார் அத்தான்.

மேனேஜர் குனிந்து தரையைச் சோதித்தார். "தரையிலதான் கோளாறு. ஸ்டூல் சரியா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டூலுக்கு வார்னிஷ் பூசி, 'உட்கார வேண்டாம்' என்று அட்டை எழுதி மாட்டி, முன்னறையின் நடுவில் வைத்தோம். வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிப் போனார்கள்.

ஸ்டூலைப் பார்த்த மற்ற உறுப்பினர்களுக்கும் கைவேலை ஆர்வம் பற்றிக்கொண்டது. குளிர்காலப் பயணத்துக்கு நால்வரும் ஒரே மாதிரி கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியும் அணிய வேண்டும், அவை கையால் பின்னியவையாக இருக்க வேண்டும் என்று புரொபசர் முன்மொழிந்தார். மேனேஜர் வழிமொழிந்தார். நிறம் குறித்து இரண்டு கூட்டங்கள் காரசாரமாக நடந்தன. யார் பின்னுவது என்பது குறித்து விவாதமே எழவில்லை. சுற்றறிக்கை எண் ஏழு, "பின்னப்படும்" என்று முடிந்தது.

அன்று கூட்டம் கலைந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் நூல்கண்டு. "டேய், நாலு குல்லா, நாலு கழுத்துத் துணி. இந்த விரல வெச்சுக்கிட்டு எப்பிடிடா பின்னுவேன்? நீ சொன்னா அவர் கேப்பார். கடல் ஊருக்குப் போறத பத்தியாவது எடுத்துச் சொல்லேன்டா. இடிச்ச புளி மாதிரி உக்காந்துட்டு எழுந்து வர்றியே!"

"அடுத்த கூட்டத்துல 'இதர விஷயங்கள்'ல கொண்டுவர்றேன்க்கா."

"போன தடவையும் இதான்டா சொன்ன."

போன தடவை இதர விஷயங்கள் வருவதற்குள் பிஸ்கட் வந்துவிட்டது. நான் என்ன செய்ய? அக்கா பின்ன உட்கார்ந்தாள். ஊசியைப் பிடிக்க முடியாதபோது கையை வெந்நீரில் முக்கி எடுத்து, துடைத்துவிட்டு மறுபடி பின்னினாள். நான் எதிரே உட்கார்ந்து அவளுக்கு டீ ஆறிப்போகிறதே என்று ஞாபகப்படுத்தினேன்.

இனி, பயணம். எங்கே போவது என்று தீர்மானிக்கும் சிறப்புக் கூட்டத்துக்கு, சரித்திரத்தில் முதல் தடவையாக, அக்காவும் 'அழைப்பாளராக' அனுமதிக்கப்பட்டாள். வாக்குரிமை இல்லை; பேசலாம். ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பேசலாம்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நின்றுகொண்டே பேசினாள். "கடல் ஊருக்குப் போலாங்க. குளிர்லயும் அங்க நல்ல வெயில். என் சிநேகிதி வீட்டு மாடி இருக்கு. உங்க எல்லாருக்கும் பக்கத்துலயே விடுதி இருக்கு. ரூம் சுத்தம் பண்ண ஆள் உண்டு. சாப்பாடும் அங்கயே. நாம யாரும் எதுவும் பண்ண வேணாம். எனக்கும் கைக்கு..."

"ஒரு நிமிஷம்" என்றார் அத்தான். "அங்க சமைக்கிறது யாரு?"

"விடுதில சமையல்காரர் இருக்கார்."

"அப்ப அது வீட்டுச் சாப்பாடு ஆகாது."

"ஆகாது" என்றார் மேனேஜர்.

"ரெண்டாவது, நாம யாரும் எதுவும் பண்ண வேணாம்கிற. எதுவும் பண்ணாம உக்காந்து சாப்பிடுறதுக்குப் பேரு என்ன?"

அக்கா எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது.

"ஆடம்பரம்!" என்றார் அத்தான். "எளிமைக்கு நேர் விரோதம்."

கடல் ஊர் மூன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் தோற்றது. நான் வாக்களிக்கவில்லை. செயலாளர் நடுநிலை வகிப்பது மரபு. அடுத்து புரொபசர் வரைபடத்தை விரித்து, மலை மேலே ஓரிடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். தனி வீடு. மின்சாரம் கிடையாது. தண்ணீர் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். விறகடுப்பு. இரவில் தண்ணீர் உறைகிற குளிர். பக்கத்துக் கடைக்கு எட்டு மைல். பத்து நாள்.

"ஆஹா!" என்றார் அத்தான். "விறகடுப்பு ரொட்டி!"

"டாக்டர் சொன்னத மறந்துட்டீங்களா?" என்றாள் அக்கா.

"டாக்டர் என்ன சொன்னார்? ஊர் மாத்தச் சொன்னார். மாத்தறோம்ல?"

"வெயில் ஊருன்னாரு."

"மலைக்கு மேல போனா சூரியனுக்குக் கிட்டப் போறோம்" என்றார் அத்தான். புரொபசர் இதைக் கேட்டுக் கொஞ்சம் இருமினார். ஆனால் ஜாம் பாட்டில் அத்தான் பக்கம் இருந்ததால் மறுத்துப் பேசவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிறைவேறிய நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் அழுதாள். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். எனக்குக் கேட்டது. எனக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. இரண்டு ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை.

பயண ஏற்பாடுகள் உடனே தொடங்கின. வேலைகள் பங்கிடப்பட்டன. புரொபசருக்கு வழி. மேனேஜருக்கு வண்டி பேசுவது. அத்தானுக்கு மேற்பார்வை. எனக்கு எழுத்து வேலை. மற்றவை அக்காவுக்கு. மற்றவை என்பது: மாவு, பருப்பு, எண்ணெய், ஜாம் ஆறு பாட்டில், பிஸ்கட் நாலு டப்பா, முதல் இரண்டு நாளைக்குத் தயார் ரொட்டி, பாத்திரங்கள், போர்வைகள், மருந்து மாத்திரைகள், அத்தானின் வெந்நீர்ப் பை, மேனேஜரின் வெந்நீர்ப் பை, புரொபசருக்குத் தலையணை மாறினால் தூக்கம் வராது என்பதால் தலையணை. எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டினாள். மொத்தம் பதினொரு பெட்டிகள்.

நான் உட்காரும் இடங்களின் பட்டியலைத் தயாரித்தேன். ஓட்டுநர் நீங்கலாக ஆறு இருக்கை உள்ள வேன். எந்த அலுவலகப் பயணத்துக்கும் செய்வதுபோல, உறுப்பினர் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதினேன். முன் இருக்கை, வழிகாட்ட புரொபசர். இரண்டாவது வரிசையில் தலைவரும் துணைத் தலைவரும். அவர்களுக்குப் பின்னால் நான். பெட்டிகள் எல்லாம் வேனின் கூரைமேல்; பனியில் நமுத்துப்போகக் கூடாது என்பதால் ரொட்டிப் பெட்டிக்கு மட்டும் உள்ளே ஒரு இருக்கை. ஆறாவது இருக்கை, ஸ்டூலுக்கு. மலைவீட்டில் அதை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. பட்டியல் சுற்றுக்கு விடப்பட்டது. மூன்று நாள் முடிந்தது. ஆட்சேபம் வரவில்லை. முத்திரை குத்தி வேன்காரருக்கு அனுப்பிவைத்தேன்.

புறப்படுகிற நாள் காலை ஆறரை மணிக்கு வேன் வாசலில் நின்றது. எதிர்வீடு தெரியாத மூடுபனி. நாங்கள் நால்வரும் ஒரே நிறக் குல்லாய், ஒரே நிறக் கழுத்துத் துணி சகிதம் பட்டியல்படி ஏறி அமர்ந்தோம். அக்கா கடைசிப் பெட்டியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள். வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"நான் எங்க உக்கார?"

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். "ஆறும் ஃபுல் ஆயிடுச்சும்மா. அஞ்சு ரொட்டி, ஆறு ஸ்டூல்னு போட்டிருக்கு. உங்க பேரு இதுல இல்லீங்களே."

"பேரு இல்லயா?" அத்தான் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்து இருப்பதையும் பார்த்தார். "உறுப்பினர் பதிவேட்டுல இல்லாததுனால விட்டுப்போயிருக்கு. ஒண்ணும் பிரச்சன இல்ல. சங்கம் இப்பவே கூடலாம். நாலு பேரும் இருக்கோம்."

வேனிலேயே அவசரக் கூட்டம் கூடியது. அக்கா பனியில் வெளியே நின்றாள்; கதவைத் திறந்து வைத்ததால் எங்களுக்கும் குளிரத்தான் செய்தது.

"ஸ்டூல எறக்கிடலாமா?" என்று நான் தொடங்கினேன். அத்தான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"அந்த ஸ்டூல் மேலயே உக்காந்துக்கலாமே மேடம்" என்றார் மேனேஜர்.

"உட்கார வேண்டாம்னு அட்டை இருக்கே" என்றார் புரொபசர். "பேசாம ரொட்டிப் பெட்டி இருக்கிற எடத்துல மேடம் உக்காரட்டும். பெட்டிய மடியில வெச்சுக்கட்டும். ஏழு மணி நேரந்தானே? வளைவு வர்ற எடத்துல மட்டும் ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கணும்."

"பிரமாதம்!" என்றார் அத்தான். "வழிமொழியறேன். மச்சான், எழுதிக்கோ."

குறிப்பேட்டை எடுத்தேன். அக்கா தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, விட்டு விட்டுச் சிரித்தாள். நான் அவளை அப்படிப் பார்த்து நாற்பது வருஷம் இருக்கும்.

"இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

நாங்கள் தீர்மானத்தின் வாசகத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தோம். 'மடியில் வைத்துக்கொள்ளப்படும்' என்பதா, 'மடியில் ஏந்தப்படும்' என்பதா என்று மேனேஜருக்கும் புரொபசருக்கும் கருத்து வேறுபாடு. 'ஏந்தப்படும்' வென்று, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியபோது, எங்கள் வேனுக்குப் பின்னால் ஒரு டாக்சி வந்து நின்றது. அக்கா ஒரு சின்னக் கைப்பையோடு வெளியே வந்தாள்.

"நீங்க கெளம்புங்க" என்றாள் அத்தானிடம். "எனக்குத்தான் எடமில்லயே. நான் கடல் ஊருக்குப் போறேன். எட்டு மணிக்கு பஸ் இருக்கு. அவகிட்ட போன்ல சொல்லிட்டேன்."

"அப்ப எங்களுக்குச் சமையல்?"

"எல்லாப் பெட்டியிலயும் சீட்டு ஒட்டியிருக்கு. படிச்சுப் பாருங்க."

"பத்து நாள் நீ இல்லாம எப்பிடி? இது என்ன வெளையாட்டா?" அத்தானின் குரல் உயர்ந்தது. "முறைப்படி தீர்மானம் போட்டு எடம் ஒதுக்கியிருக்கோம். அத மதிக்காம போறியா?"

"பெட்டியத் தூக்கி மடில வெச்சுக்கிற எடத்தத்தானே ஒதுக்கினீங்க? அத நீங்களே வெச்சுக்கங்க" என்றாள் அக்கா. வீட்டுச் சாவியை அவர் மடியில் போட்டாள். பிறகு வேனைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன். அவள் வீங்கிய கையால் என் குல்லாயைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"வேணும்னேதானேடா என் பேர விட்ட?" என்று மெதுவாகக் கேட்டாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லாதவன், எழுத்துலயே எனக்கு வழி பண்ணிட்டியேடா. என் கண்ணு!"

"ஆமாக்கா" என்றேன்.

பயணம் மகத்தான வெற்றி என்று ஆண்டறிக்கையில் பதிவாகியிருக்கிறது. தயார் ரொட்டி முதல் நாள் மதியத்தோடு தீர்ந்தது. விறகடுப்பைப் பற்றவைக்க மூன்று மணி நேரம் முயன்றோம். முடிவில் பற்றிக்கொண்டது மேனேஜரின் கழுத்துத் துணி. கிணற்று நீரின் வேதியியலைப் பற்றி புரொபசர் சொற்பொழிவாற்றினார், இறைக்கவில்லை. மாவில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அத்தான் ஒரு குழு அமைத்தார். இரண்டாம் நாள் ராத்திரி நாலு பேரும் ஜாமைக் கரண்டியால் தின்றுவிட்டுப் படுத்தோம். மூன்றாம் நாள் விடிவதற்குள் ஸ்டூலை உடைத்து அடுப்பில் வைத்தோம். அது மட்டும் நன்றாக எரிந்தது. நான்காம் நாள் ஊர் திரும்பி, முனைக்கடையில் கடை ரொட்டி வாங்கித் தின்றோம். அது குறித்து எதுவும் பதிவு செய்யப்படவில்லை.

அத்தான் இப்போது அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால், "எளிமையோட அருமை எல்லாருக்கும் புரிஞ்சிடாது மச்சான்" என்கிறார். பேசிக்கொண்டே சட்டைப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறார். அரை மணி நேரமாகப் பார்க்கிறார்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். பதினைந்து நாள் என்று போனவள், இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பின்னால் யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வீக்கம் சுத்தமா வத்திப்போச்சுடா. காலையில எந்திரிச்சதும் விரல மடக்கிப் பாக்கறேன், மடங்குது! எல்லாம் உன் புண்ணியம். இங்க எல்லார்கிட்டயும் உன்னப் பத்திதான் பேச்சு. என் தம்பி வாயில்லாப் பூச்சி, ஆனா சமயம் பாத்து வேணும்னே என் பேர விட்டுட்டு என்னக் காப்பாத்துனான்னு சொல்லிச் சொல்லி மாளல."

"விடுக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முப்பது வருஷம் குறிப்பெழுதியவன் நான். ஒரு பதிவையாவது ஒழுங்காக வைக்கிறேன். அக்காவின் பெயரை நான் வேண்டுமென்று விடவில்லை. ஸ்டூலின் வார்னிஷ் வாடைக்குக் காற்று வேண்டுமே என்று யோசித்து அதற்கு ஜன்னலோர இருக்கை போட்டவன் நான். அந்தப் பட்டியலை எழுதி முடித்து, இரண்டு தடவை சரிபார்த்து, முத்திரை குத்துகிற வரைக்கும், அக்கா என்று ஒருத்தி எங்களோடு வருகிறாள் என்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.